துண்டு போர்த்திய டி.வி.

பசுமலையில் என் மகளுக்கு எல்.கே.ஜி. எடுத்த மிஸ் அவர். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். பாட்டு முடிந்ததும் வகுப்பு டி.வி.மேல் பூப்போட்ட துண்டைப் போர்த்தி, "தூங்கிருச்சு" என்பார். பிள்ளைகளும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

"பிள்ளைக எம்புட்டு நேரம் மிஸ் டி.வி. பாக்குதுக?" என்று ஒருநாள் சண்டைக்கே போனேன்.

"அரைமணி நேரம் சார். மிச்ச நேரம் என் போனைத்தான் பாக்குதுக. நீங்கல்லாம் குரூப்புல தினமும் வீடியோ கேக்குறீங்கல்ல, எடுக்கணுமே. அதையும் நிறுத்திருவோமா?"

"நிறுத்துங்க" என்றேன் வீராப்பாக.

மறுநாள் மதியமே, "இன்னிக்கு வீடியோ வரலையே மிஸ்" என்று குரூப்பில் முதலில் கேட்டது நான்தான். பள்ளி விட்ட பிறகுதான் பதில் வந்தது: "போன் தூங்கிட்டு இருந்துச்சு சார்."

இப்போதும் அவரை எங்கே பார்த்தாலும் என் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது.