ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு சிலிப்பர்

சிகாமட்டில் என் வீட்டுக் கணினியின் ஹார்ட் டிஸ்க் நாள் முழுக்கக் கொரகொரத்தது. பழுது பார்க்க வந்தவர் ஒல்லியான மனிதர். திறப்பதற்கு முன் பெட்டியில் காதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

"டிஸ்க் நல்லாத்தான் இருக்கு அண்ணே. தகரமும் சேர்ந்து அதிருது, அவ்ளோதான். புதுசு வாங்க வேணாம்லா. பழைய சிலிப்பர் ஒன்னு கொண்டாங்க."

வாசலில் கிடந்ததிலேயே தேய்ந்துபோன ஒன்றை எடுத்து வந்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நான்கு துண்டாக வெட்டி, டிஸ்க்குக்கு அடியில் மெத்தைபோல வைத்தார். சத்தம் அடங்கிவிட்டது.

கிளம்பும்போதுதான் பார்த்தேன், வாசலில் அவருடைய சிலிப்பர் ஒற்றையாகக் கிடந்தது. பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல அண்ணே" என்று என் புதுச் சிலிப்பரை மாட்டிக்கொண்டு நடந்தார். அளவும் சரியாகவே இருந்தது.

வெட்டுவதற்கு முன் அதை ஏன் அவ்வளவு நேரம் பார்த்தார் என்பதுதான் எனக்கு இன்றுவரை யோசனை.