முற்றத்துக் கல் தாமரை

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொத்துக் கரண்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்களில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும், படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். பேசுவதும் எனக்குச் சரியாக வராது. நாலு பேர் நடுவில் வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறவன். அந்தக் கூச்சத்தால் வந்த ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருத்தணியில் நான் கொத்து வேலை செய்கிறேன். உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், வைகாசி மாதத்தில், மலையடிவாரத்தில் ஒரு பெரிய வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வீட்டுக்காரர் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வடக்கே பல ஊர்களில் இருந்துவிட்டு வந்தவர். அவருடைய மனைவிக்குப் பாரிச வாயு வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இடது கை மட்டும் அசையும். பேச்சு குழறும், காது கொடுத்துக் கேட்டால் புரியும். முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் ஒரு தாழ்ந்த கட்டிலில் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். காலையிலிருந்து இருட்டும் வரை அவர் பார்ப்பதெல்லாம் வெறும் முற்றமும் எதிர்ச் சுவரும்தான்.

வடக்கே அவர்கள் குடியிருந்த ஒரு வீட்டின் முற்றத்தில் நீரூற்று இருந்ததாம். அந்த அம்மாள் சாயங்காலமெல்லாம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாராம். அதே போல ஒன்று இங்கேயும் வேண்டும், படுத்த இடத்திலிருந்தே அவள் தண்ணீர் விழுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார் வீட்டுக்காரர். மாடியில் தொட்டி கட்டி, அங்கிருந்து குழாய் இறக்கி, முற்றத்து நடுவில் ஐந்தடி அகலத்தில் வட்டத் தொட்டி கட்டுவதென்று முடிவாயிற்று. சுற்றுச் சுவர் ஒரு சாண் உயரம் போதும் என்று நினைத்தோம். சிமெண்டு கிடைக்காத காலம். சுண்ணாம்பு அரைத்துத்தான் வேலை செய்தேன்.

நடுவில் எதை நிறுத்துவது என்பதில்தான் பல நாள் போயிற்று. ஊருக்குத் திரும்பும் ஒரு வெள்ளைக்காரரின் பங்களாவில், அரக்கோணத்தில், பளிங்கில் ஒரு பெண் பொம்மை விலைக்கு இருந்தது. ஆள் உயரம். வீட்டுக்காரருக்கு அதன் மேல் ஆசை. ஐந்தடித் தொட்டியில் அதை நிறுத்தினால் யாரோ துணி துவைக்க இறங்கினது போல இருக்கும் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. மயில் வைக்கலாம் என்றார் ஒருவர். சாமியின் வாகனத்தைக் கொண்டுவந்து வீட்டுத் தண்ணீரில் நிறுத்துவதா என்று உடனே எதிர்ப்பு வந்தது.

வாயால் சொல்ல வராததைக் காட்டிவிடலாம் என்று ஒரு நாள் சமையல்கட்டிலிருந்து பித்தளைக் குடங்களைக் கேட்டு வாங்கி வந்தேன். கோடு போட்டிருந்த வட்டத்தின் நடுவில் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்றை அடுக்கினேன். எந்த உயரம் பொருந்தும் என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

“மேஸ்திரி குடத்துக்குக் கோயில் கட்டிக்கினு கீறாரு. சோத்துக்கு உலை வெக்க நான் எங்க போவேன்?” என்றாள் சமையல்காரி. எல்லோரும் சிரித்தார்கள். கட்டிலில் இருந்த அம்மாளும் பாதி வாயால் சிரித்தார். பிறகு இடது கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டி, எடு என்பது போல அசைத்தார். மேல் குடத்தை எடுத்தேன். இரண்டு குடம் நின்றது, இரண்டடி உயரம். அவர் தலையை ஆட்டினார். எனக்கும் அதுவே சரியான அளவாகத் தெரிந்தது. அந்த உயரத்துக்குக் கருங்கல்லில் ஒரு தாமரை செதுக்கச் சொன்னோம். மொட்டின் நடுவிலிருந்து தண்ணீர் ஒரு சாண் எழும்பி இதழ்களில் வழிந்து விழ வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்தது அந்த அம்மாள்தான்.

தாமரை வந்து இறங்கிய அன்று அம்மாளின் தம்பி கனகம்மாசத்திரத்திலிருந்து வந்திருந்தார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க வரும் உறவுக் கூட்டம் அந்த வீட்டில்தான் தங்கும். அவர் ஒரு சாண் சுவரைப் பார்த்துவிட்டுத் தன் அக்காள் புருஷனான வீட்டுக்காரரிடம், “பாவா, நீங்க பவுண்டன்னு சொல்றீங்க. நம்ம சனத்துக்கு இது காலு கழுவற தொட்டி. நடந்து வந்தவன் நேரா இதுலதான் காலை வுடுவான்” என்றார்.

அது நிஜம்தான். கிருத்திகைக் கூட்டத்தைப் பார்த்த யாரும் மறுக்க முடியாது. சுவரை இரண்டரை அடிக்கு ஏற்றச் சொன்னார் வீட்டுக்காரர். ஏற்றினேன். பூவையும் கூடவே ஏற்றலாமா என்று யோசித்தேன். நின்று பார்த்தால் தாமரை தாழ்வாகத் தொட்டிக்குள் இருப்பதே அழகாக இருந்தது, குளத்தில் பூத்தது போல. ஆகவே விட்டுவிட்டேன். தண்ணீரைத் திறந்துவிட்டதும் சுற்றி நின்ற எல்லோரும் பாராட்டினார்கள். வீட்டுக்காரர் கட்டில் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “எப்பிடி?” என்று கேட்டார். அம்மாள் தலையை ஆட்டினார். நான் வீடு திரும்பும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நாலைந்து நாள் கழித்து, தாழ்வாரத்து விளிம்பில் ஈரம் கசிகிறது என்று கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குனிந்து பூசிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது என் தலை அவர் தலையணை உயரத்தில் இருந்தது. எதிரே நான் கட்டிய சுவர் தெரிந்தது. சுவர் மட்டும்தான். பூவும் இல்லை, தண்ணீரும் இல்லை. எப்போதாவது ஒரு துளி மேலே தெறித்து மறைந்தது.

கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேஸ்திரி, அந்தப் பூவுல எத்தினி இதழு?” என்று கேட்டார்.

“பதினாறும்மா.”

“தண்ணி எல்லா இதழ்லயும் வழியுதா?”

வழிகிறது என்றேன்.

“அவரு தினமும் கேக்கறாரு, நல்லா இருக்குதான்னு. ஏதாச்சும் சொல்லணும் இல்ல” என்றார்.

கட்டில் காலுக்கு அடியில் செங்கல் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். கட்டில் உயர்ந்தால் தன்னைத் தூக்கி இறக்கும் பெண்களால் முடியாது என்றார். அப்படியென்றால் நாளைக்கே வந்து சுவரில் நாலைந்து வரி செங்கல் எடுத்துவிடுகிறேன் என்றேன்.

“கிருத்திகை போவட்டும். அவரு சந்தோசமா கீறாரு. வர்றவங்களுக்குக் காட்டணும்னு இருக்கறாரு. அப்புறம் எடு.”

கிருத்திகை வந்தது, போயிற்று. அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடத் தொட்டியில் காலை விடவில்லை என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகு நான் போயிருக்க வேண்டும். இரண்டு தடவை அந்த வாசல் வரை போனேன். முதல் தடவை வீட்டுக்காரர் யாரிடமோ தொட்டியைக் காட்டி, அளவென்றால் இதுதான் அளவு என்று என் வேலையைப் புகழ்ந்துகொண்டிருந்தார். ஏன் சுவரை இடிக்கிறாய் என்று கேட்டால், அய்யா, இத்தனை நாளும் அம்மாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று நான் சொல்லியாக வேண்டும். திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை அவர் தனியாகத்தான் இருந்தார். அப்போதும் திரும்பிவிட்டேன். மலைமேல் ஒரு மண்டபத்தில் தளம் ஒழுகுகிறது என்று வேலை வந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு ஆவணி முழுவதையும் கழித்தேன்.

புரட்டாசியில் ஒரு காலை அந்தத் தெருவைத் தாண்டும்போது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரையும் கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே போனேன். தண்ணீரை யாரும் நிறுத்தவில்லை, அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். அதுவரை அவர் என்னைத் தொட்டதில்லை.

“மேஸ்திரி, கடைசி வரைக்கும் உன் பூவைப் பாத்துக்கினேதான் இருந்தா” என்றார்.

“ஆங்” என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவர் அந்தத் தண்ணீரை ஒரு நாளும் நிறுத்தவில்லை. கட்டில் இருந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். வழியில் என்னைக் கண்டால் அதே வார்த்தையைச் சொல்வார். நானும் அதே பதிலைச் சொல்வேன். அவர் தாழ உட்கார்ந்து ஒரு நாள் பார்த்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பார்த்துவிட்டால் நல்லது என்றும் சில நாள் நினைத்ததுண்டு. அவர் பார்க்கவில்லை.

போன மாதம் அவரும் போய்விட்டார். பம்பாயிலிருந்து மகன் வந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார். இனி இதைச் சொன்னால் நோகிறவர் யாரும் இல்லை என்பதால் எழுதிவிட்டேன். அந்தச் சுவரில் நாலைந்து வரி செங்கல் எடுக்க எனக்கு ஒரு காலைப்பொழுது போதும்.

விரோதி வருஷம், ஐப்பசி மாதம் பதினொன்றாம் தேதி.