எஸ்தரம்மா மாட்டாத போர்டு

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆம்பூர் பேருந்து நிலையத்தில் நின்று ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியையும் படித்துக்கொண்டிருந்தேன். பேரணாம்பட்டு. வாணியம்பாடி. குடியாத்தம். எழுபத்தோரு வயதில் இப்படிப் படிப்பது தனி ருசி. யாரையும் கேட்காமல் வேலூர் பஸ்ஸைக் கண்டுபிடித்து, ஒரு காலைப் படியில் வைத்தபோது போன் அடித்தது. எஸ்தரம்மாவின் மகள் பிரியா பேசினாள்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"வேலூருக்குத்தாம்மா கெளம்பிட்டேன். ஆஸ்பத்திரிக்கு, அம்மாவப் பாக்க."

"வர வேணாம் மாமா. அம்மாவ நாங்களே வூட்டுக்கு எடுத்துக்கினு வர்றோம்."

கூட்டிக்கினு என்று அவள் சொல்லவில்லை. எடுத்துக்கினு என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. கண்டக்டர், "பெரியவரே, ஏறுறியா, எறங்குறியா?" என்று கத்தினார். இறங்கிவிட்டேன்.

எஸ்தரம்மாவைத் தெரியாதவர்களும் இந்த நினைவு மலரைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். பள்ளிக்கூட விழா, கோயில் திருவிழா, காலேஜ் விழா எதுவானாலும் விளையாட்டு ஸ்டால்களை வாடகைக்கு விட்டவர் அவர். இரும்புக் குழாயை நட்டு, மேலே சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைத் துணி போட்டு, வளையம் எறிவது, டப்பாவைச் சரிப்பது, பலூன் சுடுவது என்று பிள்ளைகள் கூட்டமாக மொய்க்குமே, அந்த ஸ்டால்கள். அதற்கு முன்பு ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்தவர். அவர்கள் சர்ச்சில் ஒரு முறை அறுப்பின் பண்டிகைக்கு ஆறு ஸ்டால்கள் தேவைப்பட்டன. வெளியூர்க்காரர் கடைசி நேரத்தில் வராமல் கையை விரித்துவிட்டார். எஸ்தரம்மா இரண்டு நாள் லீவு போட்டு ஆறுக்கும் துணி தைத்துக் கொடுத்தார். அதைப் பார்த்தவர்கள் அடுத்தடுத்துக் கேட்க, கம்பெனி வேலையை விட்டுவிட்டார். "செருப்பு தெச்சா ஒருத்தர் காலுக்கு. இது தெச்சா ஊரே வந்து நிக்குது" என்பார்.

நான் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருடம் இருந்தவன். வயது ஏறியதும் நிறுத்திவிட்டார்கள். எங்கே போய்க் கேட்டாலும் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, அப்புறம் வா என்றார்கள். எஸ்தரம்மா மட்டும்தான் என் கையைப் பார்த்தார். ஒரு கயிற்றைக் கொடுத்துக் குழாயில் கட்டச் சொன்னார். கட்டினேன். இழுத்துப் பார்த்தார்.

"முடிச்சு நல்லா வுழுது. படிக்கத் தெரியுமாண்ணா? போர்டெல்லாம் மாட்டணும்."

"தெரியும்மா" என்றேன். அந்த ஒரு பொய்யில்தான் என் வேலை தொடங்கியது.

முதலில் சிரமம் இருக்கவில்லை. அப்போது போர்டுகள் எல்லாம் பிளைவுட்டில் இருந்தன. மூலை உடைந்தது வளையத்துக்கு, ஆணி துருத்தியது பலூனுக்கு, மை கொட்டியது வாசலுக்கு என்று மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டேன். ஒரு நாளும் தப்பியதில்லை. வண்டி ஓட்டும் ஷபீர்கூட, "கோயிந்தண்ணா கண்ண மூடிக்கினு மாட்டுவாரு" என்பான். உண்மையில் கண்ணுக்கு அதில் வேலையே இல்லை என்பது அவனுக்குத் தெரியாது.

அப்புறம் எஸ்தரம்மா எல்லாவற்றையும் புதிய பிளெக்ஸாக மாற்றிவிட்டார். எல்லாம் ஒரே அளவு, ஒரே மஞ்சள், ஒரே சிவப்பு எழுத்து. மூலையும் இல்லை, ஆணியும் இல்லை. முதல் வேலை ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா. வாசலில் இரண்டு ஸ்டால்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் தாளாளர் உட்கார்ந்து வருகிறவர்களுக்குச் சந்தனமும் சாக்லேட்டும் கொடுப்பார். மற்றதில் மரத்தில் செய்த கோமாளி முகம், அதன் மேல் எறியத் துணிப்பந்துகள். என் கையில் இரண்டு பிளெக்ஸ். ஒன்றில் ஒரே ஒரு வார்த்தை. இன்னொன்றில் மூன்று. நான் யோசித்தேன். பெரிய மனிதர் உட்காரும் இடம். பெரிய எழுத்து வரிசை அவருக்குத்தான் இருக்கும். கோமாளிக்கு ஒரு வார்த்தை போதாதா?

மாட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்தேன். லட்சணமாகத்தான் இருந்தது.

கோமாளியின் தலைக்கு மேல் "வரவேற்பு" என்று இருந்தது. தாளாளரின் தலைக்கு மேல் "மூக்கில் அடித்தால் பரிசு" என்று இருந்தது.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள். கோமாளியின் மேசையில் பந்துகளை எடுத்துக்கொண்டு, அடுத்த ஸ்டால் முன்னால் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். சாக்லேட் தட்டு வேறு கண்ணுக்கு எதிரே இருந்தது. முதல் பந்து காதில் பட்டது. தாளாளர் சிரித்தார். இரண்டாவது பந்தில் கண்ணாடி கீழே விழுந்தது. மூன்றாவது சரியாக மூக்கில். "சார், சாக்லேட்டு?" என்று எறிந்த பெண் குழந்தை கையை நீட்டியது.

அவர் மேலே திரும்பிப் பார்த்து, போர்டைப் படித்து, முகம் கறுத்து எழுந்தார். "யார் மாட்டியது இதை?" பெற்றோர்கள் எல்லாம் திரும்பினார்கள். எஸ்தரம்மா ஓடி வந்து என்னைப் பார்த்தார். வேலை போய்விடும், இத்தனை பேர் முன்னால் எழுதப் படிக்கத் தெரியாதவன் என்றாகிவிடும் என்ற பயத்தில் நான் சொன்னேன்: "அம்மாதான் சார் அத மாட்டச் சொன்னாங்க."

எஸ்தரம்மா ஒரு மூச்சு விடும் நேரம் என்னையே பார்த்தார். பிறகு தாளாளரிடம் திரும்பினார். "ஆமா சார். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். தப்பு என்னுது."

அந்தப் பள்ளிக்கூடம் பிறகு எங்களைக் கூப்பிடவில்லை. அன்று ஸ்டால் சாமான்களோடு வண்டியின் பின்னால் உட்கார்ந்து திரும்பினோம். பாலாற்றுப் பாலம் தாண்டும்போது எஸ்தரம்மா கேட்டார்: "ண்ணா, அந்த சார் தலைக்கு மேல இருந்த போர்டுல இன்னா எழுதியிருந்துச்சு?"

"வரவேற்புன்னும்மா."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த விழாவுக்குப் போனபோது பிளெக்ஸ் ஒவ்வொன்றின் மூலையிலும் நூல் தைத்திருந்தது. சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு. ஷபீர் ஏன் என்று கேட்டதற்கு, "ஓரம் பிரியாம இருக்கத்தான்" என்றார். ஆனால் எனக்கு வேலை சொல்லும்போது, "ண்ணா, பச்ச நூலு கேட்டாண்ட, செவப்பு நூலு நடுவுல" என்பார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். பத்துப் பன்னிரண்டு வருடம் இருவரும் நூலைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டோம்.

ஷபீர் அந்தக் கதையை விடவில்லை. விழாவுக்கு விழா, "யக்கா, இன்னிக்கு யாரு மூக்கு?" என்று கேட்பான். காட்பாடியில், மேல்விஷாரத்தில், எங்கே போனாலும் அங்கே இருப்பவர்களிடம் அவர் சொதப்பிய கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பான். எஸ்தரம்மாவும் கூடவே சிரிப்பார். ஒரு முறைகூட என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. அந்தத் திரும்பாத முகம்தான் என்னை அதிகமாகச் சுட்டது.

போன வருடம் அவர் படுத்துவிட்டார். ஸ்டால்கள் மடித்துக் கிடந்தன. அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நேரில் வாய் வரவில்லை. எழுதிக் கொடுத்துவிடலாம் என்றால் எழுதத் தெரியாது. எழுதத் தெரியாது என்று எழுதிக் கொடுக்கத்தான் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். இதை நினைத்து நானே சிரித்துக்கொண்டு போவேன். முதல் முறை என் பெயரை எழுதியபோது, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தேன்.

ஐந்து வரி எழுதப் பத்து நாள் ஆனது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். எஸ்தரம்மா கண்ணாடி கேட்டு வாங்கி, மெதுவாகப் படித்தார். கடைசி வரியில் சிரிப்பு வந்து, இருமல் வந்து, மறுபடி சிரித்தார்.

"ண்ணா, மன்னிப்புக்கு மூணு சுழி போட்டிருக்கீங்களே. மண்ணிப்புன்னு இருக்குது. இன்னா அவசரம்? நான் இன்னும் மண்ணுக்குப் போவல."

நானும் சிரித்துவிட்டேன்.

பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தார். "நான் நூலு தெச்சதும் தப்புதாண்ணா. அன்னிக்கே வண்டியில, வாங்க அ, ஆ எழுதலாம்னு சொல்லியிருக்கணும். நீங்க கூச்சப்படுவீங்கன்னு வுட்டுட்டேன். உங்க கூச்சத்துக்குக் காவல் காத்தேனே தவிர உங்களுக்கு ஒண்ணும் செய்யல."

"ஷபீருக்குத் தெரியுமாம்மா?"

"நான் சொல்லல. அது உங்க விஷயம். நீங்க சொன்னாத்தான் அதுக்கு மரியாத." காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "ரெண்டு சுழி. திருத்தி எழுதிக்கினு வாங்க. அப்புறம் மன்னிக்கலாமா வேணாமான்னு பாக்கலாம்."

திருத்தி எழுதினேன். அதை எடுத்துக்கொண்டுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வேலூர் பஸ்ஸில் காலை வைத்தேன்.

திங்கட்கிழமை அடக்கம். வெயில் ஏறும் என்று பிரியா சொன்னதால், நானும் ஷபீரும் எஸ்தரம்மாவின் ஸ்டால் துணிகளையே வீட்டு வாசலில் பந்தலாகக் கட்டினோம். வேறு துணி எங்களிடம் இல்லை. திருவிழாப் பட்டைத் துணியின் கீழே ஜனம் துக்கத்தோடு உட்கார்ந்திருந்தது. பெட்டியை எடுக்க இன்னும் நேரம் இருந்தது. அழுது ஓய்ந்த இடத்தில் பேச்சு தொடங்கியது. ஷபீர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க யக்கா ஒரு வாட்டி தாளாளர் தலைக்கு மேல போர்டு மாத்தி மாட்டச் சொல்லி" என்று ஆரம்பித்தான். பாசத்தோடுதான் சொன்னான். எல்லோரும் சிரிக்கத் தயாரானார்கள்.

இன்று சிரித்துவிட்டால் இது இனி எப்போதும் அவருடைய தவறாகவே இருந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. எழுந்து நின்றேன். பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன்.

"இன்னாண்ணா, பேப்பரெல்லாம்? உனக்கெதுக்கு, குடு, நான் படிக்கறேன்" என்றான் ஷபீர்.

"இல்லப்பா. நானே படிக்கறேன்."

எழுத்து எழுத்தாகத்தான் வந்தது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. "எஸ்தர் அம்மாவுக்கு. அன்று போர்டை மாற்றி மாட்டியது நான். எனக்குப் படிக்கத் தெரியாது. பயந்து உங்கள் மேல் பழி போட்டேன். மன்னிப்பு கேட்கிறேன்."

பிறகு பிரியா என் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்போ அம்மா சொதப்பலயா மாமா?"

"இல்லம்மா. அவங்க வேலையில ஒரு நாளும் சொதப்புனதில்ல."

அவள் இரண்டு நாளில் முதல் முறையாக நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தாள். ஷபீர் எழுந்து உள்ளே போய்ப் பெட்டியின் அருகில் நின்றான். வெகு நேரம் நின்றான். "யக்கா, தெரியாம எத்தினி ஊர்ல சொல்லிட்டேன்" என்பது மட்டும் என் காதில் விழுந்தது. இனி அந்த ஊர்களுக்கெல்லாம் போகும்போது சரியான கதையைச் சொல்கிறேன் என்று அப்புறம் என்னிடம் சொன்னான். நினைவு மலருக்காக நானும் இங்கே எழுதிவிட்டேன்.

பெட்டியைத் தூக்கினோம். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். ஸ்டால்களுக்கு முன்குழாயை எஸ்தரம்மா எப்போதும் தாழ்வாகவே வைக்கச் சொல்வார், சின்னப் பிள்ளைகள் பட்டைத் துணியை எட்டித் தொட வேண்டும் என்று. பழக்கத்தில் நாங்கள் அன்றும் அப்படியே கட்டியிருந்தோம். அதனால் தூக்கிய நாங்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்து, முழங்காலை மடக்கி, அவரை மெல்ல வெளியே கொண்டுவந்தோம். குழாய் பெட்டியில் உரசவே இல்லை.

போய் வாருங்கள், எஸ்தரம்மா.

— கோவிந்தசாமி