தாடையில் நுரையோடு சொன்னது

ஒருத்தன் தாடையில் நுரையோடு சொன்னதை, கோர்ட்டில் கழுத்துவரை பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்று இல்லவே இல்லை என்று சாதித்தால் அவனை என்ன செய்வது? வருஷக்கணக்காக யோசிக்கிறேன். வழி ஒன்றும் தெரியவில்லை, வயிறுதான் எரிகிறது.

என் அக்கா வீட்டுக்காரர் முடி திருத்துகிறவர். கடையில் இரண்டு நாற்காலி, ஒன்றில் அவர், ஒன்றில் நான். படிப்பு ஏறாத என்னைச் சேர்த்துக்கொண்ட புண்ணியவான். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பெயர் பூட்டு. கழுத்தில் துணி கட்டியதும் மனுஷனுக்கு வாய் தானாகத் திறந்துவிடும். வீட்டுச் சண்டை, வெளித்தொடுப்பு எல்லாம் கொட்டுவான். அதில் ஒரு வார்த்தை எங்கள் வாசலைத் தாண்டாது. அக்காவே நொந்துகொள்வாள்: "ஊர்க்கதை பூரா இவர் வயித்துல கிடக்கு. ஒண்ணையாவது கக்குறாரா பாரு."

கடைசியில் வயிற்றில் கிடந்தது கல். பித்தக்குழாயை அடைத்துக் கண்ணெல்லாம் மஞ்சள். ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுக் கல்லை எடுத்தார்கள். மறுநாளே வீட்டுக்கு வந்து, டாக்டருக்கு நல்ல கைராசி என்று எல்லோரிடமும் சொன்னார். அந்த வாரமே குளிர் நடுக்கம், காய்ச்சல், ஈரலில் சீழ். எந்த மருந்துக்கும் மசியாத கிருமியாம். எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். உங்க உடம்பிலேயே இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார் கைராசிக்காரர்.

மச்சான் பாதி ஆளாகத் திரும்பி வந்து கடையில் நின்றார். அப்போதுதான் அவன் வந்தான். அதே ஆஸ்பத்திரியில் அந்தக் குழாய்களைக் கழுவுகிறவன். எங்கள் பழைய வாடிக்கை, மச்சான் நாற்காலியைத் தவிர வேறெதிலும் உட்கார மாட்டான். நுரை போட்டதும் கண்ணாடியில் மச்சான் முகத்தைப் பார்த்தான். பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டான்.

"அண்ணே, அந்தக் குழாய் சுத்தமா இல்லண்ணே. நுனியில சின்னதா ஒரு தகடு தூக்கும், அதுக்கு அடியில பிரஷ் சரியா போகாது. கழுவுற மிஷினும் ரிப்பேரு. ஆளு காத்திருக்கு, பரவாயில்ல கொண்டான்னுட்டாங்க. உங்களுக்கு மட்டும் இல்ல, இன்னும் சில பேருக்கு இதே காய்ச்சல்."

கடையில் வேறு ஆள் இல்லை. கத்தரிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றுவிட்டது. மச்சான் நிறுத்தவில்லை. சவரத்தை முடித்து, முகத்தைத் துடைத்துவிட்டு, நிதானமாகக் கேட்டார்.

"இதை நான் வக்கீல்கிட்ட சொல்லலாமா?"

உலகத்தில் வேறு எவனாவது இப்படி அனுமதி கேட்பானா? அவன் இப்போது வேண்டாம் என்றான். சூப்பர்வைசர் வேலைக்குத் தன் பேர் போயிருக்கிறது, அது கைக்கு வரட்டும், தானே வந்து சொல்வதாகச் சத்தியம் செய்தான்.

மச்சான் வழக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். குழாய் அழுக்கு என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும், அவருக்கு அது ஒன்றுதான். யார் சொன்னது என்று வக்கீல் குடைந்து குடைந்து கேட்டும் பூட்டு திறக்கவில்லை. நான் சொல்கிறேன் என்று கிளம்பினேன். என் கடையில் நிற்க வேண்டுமானால் வாயை மூடு என்றார். அதற்குள் ஆஸ்பத்திரி அந்தக் குழாயையே கழித்துக்கட்டிவிட்டது. சோதித்துப் பார்க்கப் பொருள் இல்லை. இனி எல்லாம் அவன் ஒருத்தன் வாயில்தான்.

அவனுக்கு வேலை உயர்ந்தது. சாட்சிக்கு என் பேரைக் கொடுத்துக்கங்கண்ணே என்று அவனே வந்து சொன்னான். கூண்டில் ஏறினான்.

"இவரு எனக்கு முடி வெட்டுவாருங்க. மத்தபடி பழக்கம் இல்ல. குழாயைப் பத்தி நான் எதுவும் பேசினதில்ல."

அதோடு விட்டானா? எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்துக்கொடுக்க, எங்கள் கடைத் துண்டெல்லாம் ஒரே அழுக்கு வாளியில்தான் ஊறும் என்றான். பச்சைப் பொய். அப்படியானால் கிருமி கடையிலிருந்தே வந்திருக்கலாமே என்றார் அந்த வக்கீல். நான் ஏறி என் காதால் கேட்டேன் என்றேன். மச்சினன் வேறென்ன சொல்லுவான் என்று மடக்கிவிட்டார்கள். வாளிக் கதை மட்டும் ஊரெல்லாம் பரவியது. கடையில் ஈ ஓட்டினோம்.

ஒருநாள் அவனை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். எவனிடமோ தலையைக் கொடுத்திருக்கிறான், ஒரு கிருதா காதுக்கு மேலே, ஒன்று கன்னத்தில். மச்சான் சிரிப்பாரே என்று வந்து சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இத்தனை வருஷமா என் கத்திக்குக் கழுத்தைக் குடுத்தவன் மாப்ளே. அவனை எப்படி நம்பாம இருக்கிறது?"

காய்ச்சல் மறுபடி வந்தது. அடுத்த வாய்தாவுக்கு முந்தின நாள் அவரால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. கூப்பிடும்போது நம் பக்கம் ஆள் இல்லாவிட்டால் வழக்கைத் தள்ளிவிடலாம் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். போதும், விட்டுத் தொலையுங்கள் என்று அக்கா அழுதாள். அவர் என் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார்.

"நாளைக்கு நீ போ. என் பேரைக் கூப்பிட்டா எந்திரிச்சு நில்லு."