பக்கவாட்டில் நின்ற கேமரா

குவைத்தில் நான் வேலை செய்த வீட்டில் இரண்டு பையன்கள். பள்ளிவிட்டு வந்ததும் ரெஸ்லிங் கேசட்டைப் போட்டுவிடுவார்கள். துணி மடித்துக்கொண்டே நானும் பார்ப்பேன். முதலில் பயமாகத்தான் இருந்தது. ஒருநாள் அவர்கள் ஒரு குத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டபோது கவனித்தேன்: கை முகத்துக்கு நேராகப் போகும் அதே நொடியில் குத்துகிறவனின் கால் தரையை ஓங்கி மிதிக்கிறது. சத்தம் காலிலிருந்து வருகிறது. கை முகத்தில் படவே இல்லை.

அது தெரிந்த பிறகுதான் எனக்கு ரெஸ்லிங் மேல் ஆசையே வந்தது. இரண்டு பேர் ஒருவரையொருவர் நம்பி விழுகிறார்கள். ஒருவன் பேசிவைத்ததை மீறினால் மற்றவனின் கழுத்து போய்விடும்.

அந்த வீட்டுப் பிறந்தநாள்களுக்கு வீடியோ பிடிக்கிற வேலையும் என் தலையில்தான் விழும். அவர்கள் புதிது வாங்கியதும் பழைய கேமராவை எனக்கே கொடுத்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால்தான் பாஸ்போர்ட் எடுத்து அங்கே போக முடிந்தது. எண்பதுகளின் நடுவில், தலவாக்கலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் லயத்து வீட்டுக்கு அந்தக் கேமராவோடு திரும்பி வந்தேன்.

அண்ணன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். தோளும் கையும் அதற்கேற்ற மாதிரி. டவுனில் ரெஸ்லிங் கேசட் பார்த்துவிட்டு வந்து கூட்டாளியோடு புல்லில் புரண்டுகொண்டிருந்தான். கூட்டாளி தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற வேலை. நான் பார்த்ததை இருவருக்கும் சொன்னேன். காலை எப்போது மிதிப்பது, தாடையை நெஞ்சோடு ஒடுக்கி எப்படி விழுவது, எல்லாம். சாக்குகளில் மானாப்புல்லை அடைத்து ரிங் போட்டோம். கயிற்றுக்கு வெளியே நான் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடுவேன். அடிவாங்குகிறவனின் முதுகுப் பக்கம் நின்றால் கைக்கும் முகத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தெரியாது. அதனால் ஒவ்வொரு அடிக்கும் இடம் மாற வேண்டும்.

இரண்டு வருஷம் இப்படிப் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து லயங்களில் கேசட்டைப் போட்டுக் காட்டுவார்கள். அண்ணன் தோட்டத்தில் பெரிய ஆளாகிவிட்டான். யார் பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. எனக்கும் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

ஒரு தைப்பொங்கலுக்கு விளையாட்டு மைதானத்தில் பெரிய போட்டி வைப்பதாக முடிவானது. முதல்நாள் அண்ணன் வந்து கேமராவைக் கேட்டான்.

"இந்தத் தடவ டவுன் ஸ்டுடியோக்காரரு புடிக்கட்டும் புள்ள."

"ஏண்ணே?"

"வேற தோட்டத்து ஆளுங்கெல்லாம் வாறாங்க. தோட்டத்து ஆபீஸ் ஸ்டாப்மாருங்க வாறாங்க. நீ ரிங்கச் சுத்தி ஓடிக்கிட்டு இருந்தா என்னா பேசுவாங்க?"

"இத்தன நாளும் ஓடலயா?"

"அது நம்ம ஆளுங்க மட்டும் இருந்தப்ப."

கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே மைதானத்துக்குப் போய், எங்கே நிற்க வேண்டும் என்று ஸ்டுடியோக்காரரிடம் சொல்லப் பார்த்தேன். அவர் சிரித்தார். "எத்தன கல்யாண வீடு புடிச்சிருக்கேன் தங்கச்சி." மூன்று கால் ஸ்டாண்டை விருந்தாளிகளின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஊன்றினார். அங்கிருந்து பார்த்தால் இருவரும் பக்கவாட்டில்தான் தெரிவார்கள். நான் பெண்களோடு தூரத்தில் நின்றேன். போட்டி நன்றாகத்தான் நடந்தது. சனம் கத்திய கத்தலில் மலையே அதிர்ந்தது. எல்லார் கண்ணும் ரிங்கில்தான்; ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றது யார் என்று யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம், தோட்டத்துப் பள்ளிக்கூட ஜன்னல்களில் கம்பளியை மாட்டிவிட்டு கேசட்டைப் போட்டார்கள். முதல் குத்திலேயே ஒரு கிழவி சிரித்துவிட்டாள். ஸ்டுடியோக்காரர் கிட்டத்தில் இழுத்துப் பிடித்திருந்தார். அண்ணனின் கைக்கும் கூட்டாளியின் தாடைக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம். கை வருவதற்கு முன்பே கூட்டாளி விழுகிறான். பள்ளிக்கூடம் முழுவதும் சிரிப்பு.

பக்கத்துத் தோட்டத்துத் தலைவர் திரும்பிக் கேட்டார். "என்னா தம்பி, அடியே விழல? யாரு இதப் புடிச்சது?"

அண்ணன் டீவிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். டீவிச் சத்தத்தைக் குறைத்தான். பிறகு சொன்னான்: "அடியெல்லாம் விழுந்திச்சுங்க. எங்க தங்கச்சிதான் புடிச்சா. வெளிநாட்டுலருந்து கொண்டாந்தா, பழகுறேன்னு கேட்டா, பாவம்னு விட்டுட்டேன். அவ புடிச்ச லட்சணத்துல அப்புடித் தெரியுது."

எல்லாத் தலைகளும் வாசலுக்குத் திரும்பின. வாசலில் நான் நின்றிருந்தேன்.

ஸ்டுடியோக்காரர் அங்கே இல்லை. கூட்டாளி தரையைப் பார்த்தான். நான் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பிடித்தபோது மட்டும் அடி ஏன் விழுந்தது என்று அடுத்த கேள்வி வரும். எந்த அடியும் எந்த நாளும் விழவில்லை என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். அவனுக்காக நான் காத்த அந்த ரகசியத்தை வைத்தே அவன் என் வாயை அடைத்துவிட்டான். செருப்பைக்கூடப் போடாமல் லயத்துக்கு நடந்தேன்.

அவன் வந்ததும் கேட்டேன். "நல்லாப் புடிச்சப்ப ஒரு நாளாவது தங்கச்சி புடிச்சதுன்னு சொன்னியாண்ணே?"

"விடு புள்ள. ஒனக்கு என்னா போச்சு? நாலு தோட்டத்து ஆளுங்களுக்கு முன்னாடி எனக்கு மானம் போவுது."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "அவன் ஆம்பள, வெளிய தல காட்டணும். நீ பொறுத்துக்க."

மறுநாள் மலையில் கொழுந்து எடுக்கும்போது பக்கத்து நிரையில் இருந்தவள், "என்னா, கேமரா ஆடிப்போச்சா?" என்று கேட்டாள். நான் கொழுந்தைப் பறித்துக் கூடையில் போட்டேன். அந்த வாரக் கடைசியில் கூட்டாளி என்னைத் தொழிற்சாலைப் பாதையில் நிறுத்தினான்.

"நான் எந்திரிச்சுச் சொல்லியிருக்கணும் தங்கச்சி."

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றேன். சுற்றுமுற்றும் யாரும் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் அதையும் அவன் சொன்னான்.

மாசியில் அண்ணன் மறுபடி வந்தான். இன்னொரு போட்டி, இந்த முறை நான்தான் பிடிக்க வேண்டும், ஆனால் ஆள் பார்க்காத இடத்தில். முடியாது என்றேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போனவன் சித்திரை வரைக்கும் என்னோடு பேசவில்லை. நான் கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, அதையும் எடுத்துக்கொண்டு மறுபடி குவைத்துக்குப் போய்விட்டேன்.

நான் திரும்பி வந்தபோது அவனுக்குக் கல்யாணமாகியிருந்தது. பழைய கேசட்டுகளைப் பெண்சாதிக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். "யாருங்க புடிச்சது, இவ்வளவு நல்லா இருக்கு?" என்று அண்ணி கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"டவுன் ஸ்டுடியோக்காரரு" என்றான்.