கடலில் பூசிய திருநீறு

செய்தி வந்தபோது காலை ஆறரை மணி. மஸ்கெலியாவில் எங்கள் கடையின் பலகைகளை வாப்பா ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். தோட்டங்களில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுகிற நேரம். என் போனில் அழகம்மாவின் பெயர் விழுந்தது. அவர் கண்டி ஆஸ்பத்திரியில் மகளின் கட்டிலோடு இருந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

“ரிஸ்னா புள்ள,” என்றார். “லெச்சு போயிட்டா. தூக்கத்துலயே போயிட்டா. வலி இல்ல புள்ள. மொகத்துல ஒன்னுமே இல்ல.”

பெற்ற மகளைப் பறிகொடுத்த அந்த நிமிஷத்திலும் அவர் என்னைத்தான் தேற்றினார். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வாப்பா கடைசிப் பலகையைக் கழற்றாமல் அப்படியே விட்டு உள்ளே வந்தார்.

நாகலெட்சுமி என்ற எங்கள் லெச்சுவுக்கு வயது முப்பத்து நான்கு. இரத்தத்தில் வந்த நோய். நெடுந்தூர நீச்சல்காரி என்று செய்திகளில் இரண்டு வரி வந்தது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிவரை அவள் நீந்திய நாள் அவற்றில் இல்லை. அது கணக்கில் சேராத நீச்சல். ஏன் சேரவில்லை என்பதைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் இதை எழுதுகிறேன்.

அவள் பிறந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கிறது. அங்கே பிறந்த யாரும் அந்தத் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். குளிப்பதற்கு மலையிலிருந்து குழாய்போல் வந்து விழுகிற பீலி இருந்தது. கீழே கிடந்தது பயப்படுவதற்கான தண்ணீர். ஆனால் பள்ளிக்கூடம் மறுகரையில். பிள்ளைகள் துடுப்புப் படகில்தான் வருவார்கள். நாங்கள் ஐந்தாம் வகுப்பில் இருந்த ஒரு மழைக்காலத்தில், கரைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் படகுக்குள் தண்ணீர் ஏறியது. எல்லோரும் படகைப் பிடித்துக்கொண்டு கத்த, லெச்சு மட்டும் கை நழுவி விழுந்தாள். ஈரச் சட்டையோடு வகுப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் நடுங்கிக்கொண்டே சொன்னாள்:

“முங்குனேன் ரிஸ்னா. அப்புறம் மேல வந்துட்டேன். நான் வேணாம்னு தண்ணியே திருப்பிக் குடுத்துருச்சு.”

அன்றிலிருந்து அவளைத் தடுக்க முடியவில்லை. அழகம்மா அடித்தும் பார்த்தார், அழுதும் பார்த்தார். கடைசியில் ஒரே நிபந்தனை போட்டார்: “நான் கொழுந்து பறிக்கிற மலைக்குக் கீழதான் நீந்தணும். என் கண்ணு உன்மேல படணும்.” தேயிலைச் செடி உடுப்பைக் கிழிக்காமலிருக்க இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டுவார்கள். அழகம்மாவின் படங்கு நல்ல நீலம். லெச்சு இடது பக்கம் தலை திருப்பி மூச்செடுக்கும்போதெல்லாம் மலைச்சரிவில் அந்த நீலம் தெரியும். மலை முடிகிற இடம்வரை நீந்துவாள். திரும்பி நீந்தினால் அம்மா வலது பக்கம் போய்விடுவார் என்று கரையேறி நடந்தே வருவாள். மறுபடி இறங்குவாள். வலது பக்கம் மூச்செடுக்க அவள் கடைசிவரை பழகவே இல்லை.

கண்டியில் மாகாணப் போட்டிக்குப் போனபோது இது பெரிய கேலியானது. குளத்தின் சுவர் வந்ததும் மற்றப் பிள்ளைகள் குட்டிக்கரணம் போட்டு உதைத்துத் திரும்பினார்கள். இவள் சுவரைப் பிடித்து நின்று, மூச்சு வாங்கி, எந்தப் பக்கம் போவது என்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். குறுந்தூரத்தில் கடைசி. நெடுந்தூரத்தில், சுவருக்குச் சுவர் நின்று பார்த்தும் இரண்டாவதாக வந்தாள். அங்கிருந்த பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டு, “உனக்குச் சுவரே ஆகாது, கடலுக்குப் போ,” என்றாராம்.

அப்படித்தான் திருகோணமலைக் கடல் நீச்சல் போட்டிக்குப் போனாள். முதல் நாள் கரையேறியதும் எனக்குப் போன் எடுத்தாள்.

“கடல் ஒரு ஏமாத்துத் தண்ணி ரிஸ்னா! சும்மா படுத்தாலே தூக்கிப் பிடிக்குது. நம்ம தண்ணி எவ்ளோ கஷ்டப்படுத்துச்சு!”

மலைத் தண்ணீரின் குளிரில் பழகிய உடம்புக்குக் கடல் வெதுவெதுப்பாக இருந்திருக்கிறது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டுகளிலும் அங்கே முதலாவதாக வந்தாள். பிறகு காலி, மட்டக்களப்பு, இந்தியாவில் ஒருமுறை. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் நீச்சல் குளத்தில் வேலை கிடைத்தது. லீவு கிடைத்தால் பஸ் ஏறி எங்காவது ஒரு தண்ணீருக்குப் போய்விடுவாள். நான் பேராதனையில் படித்துக்கொண்டிருந்தபோது, உப்பில் வெளுத்த தலைமுடியோடு விடுதி வாசலில் வந்து நிற்பாள். வரும்போதெல்லாம் கருவாடு கொண்டுவருவாள். என் அறைத் தோழிகள் அவளை நினைவில் வைத்திருப்பது அந்த வாசனையால்தான்.

பாக்கு நீரிணையைக் கடக்க வேண்டும் என்பது அவள் பலநாள் ஆசை. “நம்ம ஆளுங்க அந்தப் பக்கத்துலருந்து படகுலதான வந்தாங்க. நான் நீந்திப் போறேன், டிக்கட்டு மிச்சம்,” என்று சிரிப்பாள். சிரித்தாலும் அதற்காக மூன்று ஆண்டு உழைத்தாள். கடந்தவர்களின் பெயர்களோடு தன் பெயரும் தோட்டத்தின் பெயரும் ஏற வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் வாய்விட்டுக் கேட்ட ஆசை.

படகில் அம்மா இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். இடது பக்கம் மூச்செடுக்கும்போது நீலம் தெரியாவிட்டால் தனக்குத் திசை தப்பும் என்றாள். எனவே அழகம்மா வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்தார். கால் நனைக்கக்கூட நேரமில்லாமல் படகில் ஏற்றப்பட்டார். விடியுமுன் புறப்பட்டோம். உடுப்புக்கு மேல் படங்கைக் கட்டிக்கொண்டு, வாந்தி எடுத்துக்கொண்டு, விளிம்பைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பின்பக்கம் தொப்பியோடு இருந்த கண்காணிப்பாளரைக் காட்டி என்னிடம் கேட்டார்:

“யாரு புள்ள அந்த மாத்தியா, அந்தப் பெரிய ஐயா?”

“லெச்சு ஒழுங்கா நீந்துறாளான்னு பாத்து எழுதுறவர்.”

“ஓ, கங்காணி! கடலுக்கும் கங்காணி போட்டுட்டானுங்களா? கொறஞ்சா அரைப்பேரு போடுவாரோ?”

தோட்டத்தில் வேலை வாங்குகிற கங்காணி, கொழுந்து குறைந்தால் பாதிநாள் சம்பளம் போடுவதுதான் அரைப்பேர். படகோட்டிக்கு அது புரியவில்லை. நான் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்தார்.

லெச்சுவுக்குக் குடிக்கக் கொடுப்பது என் வேலை. தேயிலைச் செடியின் மேல்மட்டம் பார்க்க வைக்கிற மட்டக்கம்பை மூங்கிலோடு சேர்த்துக் கட்டி நீளமாக்கி, நுனியில் கம்பி வளையம் சுற்றி, அதில் ஒரு கோப்பையை வைத்திருந்தாள். அதைத் தண்ணீர்மேல் நீட்டினால் அவள் எடுத்துக் குடித்துவிட்டு வைப்பாள். இஞ்சி போட்ட இனிப்புத் தேத்தண்ணி. படகையோ படகில் இருப்பவர்களையோ தொடாமல் முழுத் தூரமும் போக வேண்டும் என்பது விதி. அம்மாவிடம் அவள் சுருக்கமாகச் சொல்லியிருந்தாள்: “நான் படகத் தொடக்கூடாதும்மா. தொட்டா அவ்ளோதான்.”

உச்சி வெயிலில் நீரோட்டம் எதிர்த்தது. ஜெல்லி மீன் கழுத்திலும் உதட்டிலும் கொட்டியது. கம்பை நீட்டினேன், எடுக்கவில்லை. படகுக்குப் பக்கத்தில் செங்குத்தாக மிதந்துகொண்டு, வீங்கிய உதட்டால், “முடியல யம்மா,” என்றாள். அத்தனை ஆண்டில் அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டதில்லை.

அழகம்மா யோசிக்கவே இல்லை. விளிம்பில் குனிந்தார். ஒரு கையால் அவள் பின்தலையை ஏந்திப் பிடித்தார். இடுப்பிலிருந்த பொட்டலத்தை வாயால் பிரித்து, மறுகையால் ஈர நெற்றியில் திருநீறு பூசி, கண்ணில் விழாமலிருக்க ஊதினார். பரீட்சைக்குப் போகும்போதும் காய்ச்சலில் கிடக்கும்போதும் இங்கே எல்லா அம்மாமாரும் செய்வதுதான்.

“போ சாமி. அம்மா இங்கதான இருக்கேன்,” என்றார்.

லெச்சு ஒரு மூச்சு நேரம் கண்ணை மூடி அந்தக் கையில் கிடந்தாள். பிறகு நீந்தினாள். கொஞ்சத் தூரம் போனதும் நின்று கையைத் தூக்கினாள். நீரோட்டம் பற்றிப் படகோட்டியோடு பேசிக்கொண்டிருந்த கண்காணிப்பாளர் திரும்பினார். அம்மா தன்னைப் பிடித்துவிட்டார், அதை எழுதுங்கள் என்று அவரிடம் சிங்களத்தில் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார், அழகம்மாவைப் பார்த்தார். தான் எதையும் காணவில்லை என்றார். “நான் கண்டேன் சேர்,” என்றாள் லெச்சு.

அவர் பேனையை எடுத்தார். ஏறுகிறாயா என்று கேட்டார்.

“இல்ல சேர். கரைக்குப் போறேன்.”

நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அழகம்மாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. “அவதான படகத் தொடக்கூடாதுன்னா! நான் அவளத் தொடக்கூடாதுன்னு எவன் சொன்னான்? பெத்தவ தொடாம?” பிறகு கண்காணிப்பாளரின் பேனையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“அரைப்பேரு கூட இல்லையா புள்ள?”

“இல்லம்மா.”

அதன்பின் தனுஷ்கோடி மணல் தெரியும்வரை இரண்டு கைகளையும் படங்குக்குள் ஒளித்து வைத்திருந்தார். ஆனால் விளிம்பைவிட்டு நகரவில்லை. லெச்சு இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் நீலம் அங்கேயே இருந்தது.

பொழுது சாய்கையில் அவள் மணலில் ஏறி நடந்தாள். நின்று, தன் ஆட்கள் புறப்பட்டு வந்த அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முழங்கால் தண்ணீரில் நின்ற படகுக்குத் திரும்பி வந்தாள். அழகம்மா கையை வெளியே எடுக்கவில்லை.

“இப்பத் தொடலாம் யம்மா. கங்காணி வீட்டுக்குப் போயிட்டாரு.”

கங்காணி பக்கத்தில்தான் இருந்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் புரியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

“அந்தக் கை இல்லாட்டி அங்கேயே படகுல ஏறியிருப்பேன் ரிஸ்னா,” என்று பிறகு ஒருநாள் சொன்னாள். “அப்புறம் எந்தத் தண்ணியிலயும் இறங்கியிருக்க மாட்டேன்.” அதற்குப் பிறகு அவள் நீந்திய ஆண்டுகளையெல்லாம் நான் அந்தக் கையின் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். திருகோணமலையில் இன்னும் இரண்டு முறை முதலிடம். நீர்த்தேக்கத்தின் குடாவில் ஞாயிறுதோறும் அவளிடம் மிதக்கப் பழகிய தோட்டத்துப் பிள்ளைகள். எனக்கு அவளிடமிருந்து கிடைத்த அத்தனை போன் அழைப்புகள். இன்றைக்கு அழுகையைவிட நன்றிதான் எனக்கு முந்திக்கொண்டு வருகிறது. அந்த மழைக்காலத்துப் படகுக்குக்கூட நன்றி சொல்லத் தோன்றுகிறது.

மறுபடி கடக்க வேண்டும் என்று போன வருஷம் முடிவெடுத்தாள். அனுமதிகூட வந்துவிட்டது. அழகம்மாதான் மறுத்தார். “என்னயக் கூப்புடாத. என் கை சும்மா இருக்காது.”

“நீ வராட்டி நான் எறங்க மாட்டேன். வழி கண்டுபுடிச்சிட்டேன் யம்மா. கம்புல ரெண்டாவது வளையம். சின்ன டப்பாவுல திருநீறு. நீ நீட்டு, நான் எடுத்துப் பூசிக்கிறேன்.”

“தண்ணியில கரைஞ்சிடுமேடி.”

“நல்லெண்ணெயில கொழச்சு வையி.”

“ஊதணுமே?”

“மேல இருந்தே ஊது. காத்து தொடுறதுல சேராது. கங்காணிக்கிட்டயே போன் போட்டுக் கேட்டுட்டேன்!”

கேட்டிருந்தாள், உண்மையாகவே. அடக்கத்துக்கு வந்திருந்த அந்த மனிதர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் அதைச் சொன்னார். சேராது என்று தான் பதில் சொன்னதாகவும் சொன்னார். அழகம்மா வருவதாக ஒப்புக்கொண்ட வாரத்தில்தான் லெச்சுவுக்குக் காய்ச்சல் தொடங்கியது.

லயத்து வாசலில் அவளைக் கிடத்தியிருந்தபோது அழகம்மா ஒரு கையால் பின்தலையை ஏந்தி, மறுகையால் திருநீறு பூசி, ஊதினார். நிதானமாகச் செய்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

எல்லோரும் போன பிறகு தேத்தண்ணி ஊற்ற அடுப்படிக்குப் போனேன். கூரைக்கும் சுவருக்கும் இடையில் அந்தக் கம்பு செருகியிருந்தது. முதல் வளையத்தில் கோப்பை அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே இரண்டாவது வளையத்துக்குக் கம்பி மூன்று சுற்று வந்திருக்கிறது. மீதிக் கம்பி முறுக்கப்படாமல் தொங்குகிறது.