பாலைவனத்தில் முளைத்தது

மாலை நான்கு மணி பத்து நிமிடம். பேத்தி பள்ளிக்காகச் செய்த பாலைவனம் மேசைமேல் இருந்தது: தட்டு நிறைய மணல், ஒரு பிளாஸ்டிக் ஒட்டகம்.

பாப்பாரப்பட்டியில், மழை பொய்த்த ஒரு வருஷம், மூன்றாம் வகுப்பில் நாங்களும் செய்தோம். உடைந்த பானையின் அடிப்பாகத்தில், கதிரடிக்கும் களத்து மணலைக் கொட்டிக் கள்ளி நட்டோம். தண்ணீர் ஊற்றக் கூடாது என்றார் வாத்தியார். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் மணலில் பச்சை தெரிந்தது.

"யார்றா ஊத்துனது?"

"நான்தானுங்க," என்றாள் என் பக்கத்தில் உட்காரும் மாதம்மாள். "கள்ளி வாடுச்சுங்க. நான் குடிக்கக் கொண்டாந்த தண்ணிதானுங்க."

"பாலைவனத்துல கேவுரு மொளைக்குமா புள்ள? புடுங்கு."

"பயிருங்க. புடுங்கக் கை வரலீங்க."

வாத்தியார் பானையைச் சன்னலோரம் வைத்தார். மறுநாள் இன்ஸ்பெக்டருக்குப் பாலைவனத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார்.

அந்த வருஷம் எங்கள் ஊரில் முளைத்த கேழ்வரகு அது மட்டும்தான்.